நல்லெண்ணெய் இறுகிய காலை

முதல் அநியாயம் சன்னாசி பிறந்த அன்றே நடந்தது. ஊசிக்கல் தோட்டத்து மேல் பிரிவில் விடிந்ததிலிருந்து கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அவருடைய தாய், உச்சிக்குச் சற்று முன்னால் தேயிலை நிரைக்குள் உட்கார்ந்து அவரைப் பெற்றாள். பாதி நாள்தானே பறித்தாள் என்று கணக்கப்பிள்ளை அவளுக்கு அரைப் பேர் போட்டான். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்பார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்கவைத்துக் கூப்பிடும்போது 'இருக்கேன்' என்று குரல் கொடுத்து, பொழுது சாயும்வரை மலையில் நின்றால் முழுப் பேர். நடுவில் இறங்கினால் அரை. இரண்டாவது அநியாயம் அவருடைய ஐந்தாவது வயதில். எங்கோ கொழும்பில் ஒரு சட்டம் போட்டார்கள். மறுநாள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த எல்லாரும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆட்களாகக் கண்விழித்தார்கள், விழித்து, வழக்கம்போலப் பெரட்டுக்குப் போனார்கள். மூன்றாவது, தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துபோனது. அதற்குமேல் அவர் படித்ததெல்லாம் சங்கத்து நோட்டீஸ்களில்தான். நான்காவது, செத்துப்போன மாரியாயிக்கு அரைப் பேர் போட்டதும், அதற்காக நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றிச் சங்கத் தலைமை அச்சடித்த நோட்டீஸில் அவர் மனைவி பூவாயியின் பெயரை விட்டதும். ஐந்தாவது, கலவரத்தில் லயத்துக்கு வைத்த தீ. ஆறாவது, இந்த நாட்டு விமான நிலையத்தில், குடும்பப் பெயர் என்ன என்று கேட்ட அதிகாரி, அப்படி ஒன்று இல்லை என்றதும் பூவாயிக்கு நேராகவும் சன்னாசி என்றே எழுதிக்கொண்டது. ஏழாவது, அதே எழுத்து ஆஸ்பத்திரியில் அவள் மணிக்கட்டுப் பட்டியில் ஏறி, அங்கிருந்து உடலை வைக்கிற மலர்ச்சாலையின் வாசல் பலகையில் ஏறி, முந்தாநாள் அவர் போய்ப் பார்த்தபோது 'திருமதி சன்னாசி' என்று வெள்ளை எழுத்தில் நின்றது. செத்தது யார், நானா, என்று அங்கிருந்த கோட்டுப் போட்ட பையனிடம் அவர் கேட்டார். பையனுக்குத் தமிழ் தெரியாது. இந்த ஏழையும் வரிசை மாறாமல், நீல மை ஊற்றிய பேனாவால், மூன்று தாளில் எழுதிக் கோட்டின் உள்பையில் வைத்திருந்தார். எட்டாவது அநியாயம் தாளில் இல்லை. அது இப்போது அவர் கண்ணெதிரில் நடந்துகொண்டிருந்தது. கார்ச் சாவி கதவுத் துவாரத்துக்குள் பாதிதான் போயிற்று.

பாதி போய் நின்றது. இழுத்தால் வந்தது, தள்ளினால் அதே இடத்தில் நின்றது. உள்ளே இரும்பு இரும்பில் முட்டுகிற ஓசைகூட இல்லை, மெழுகில் கத்தியைச் செருகுவது போன்ற ஒரு மந்தம். மொன்றியலில் தை மாதத்துக் காலை. மூக்குக்குள் இருக்கிற மயிர்கூட ஒட்டிக்கொண்டு குத்துகிற குளிர். அடுக்குமாடிக்குப் பின்னாலிருந்த தரிப்பிடத்தில் கார்களெல்லாம் வெள்ளைப் போர்வைக்குள் பிணங்களைப்போலக் கிடந்தன என்று நினைத்து, அந்த நினைப்பை உடனே வெட்டினார். இன்று அந்த வார்த்தை வேண்டாம். பத்தரைக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள். மூடி, தள்ளிக்கொண்டு போய், அந்தக் கதவுக்குப் பின்னால் நெருப்புக்குக் கொடுத்துவிடுவார்கள். இந்த நாட்டில் நெருப்புக்கும் நேரம் குறித்துத்தான் முறை வைக்கிறார்கள், அடுத்த குடும்பம் வாசலில் காத்திருக்கும். பெட்டி மூடுவதற்குள் அவர் போய் நிற்கவேண்டும், பேர் கூப்பிடவேண்டும். கூப்பிடாவிட்டால் பூவாயி, திருமதி சன்னாசியாகவே போய்ச் சேருவாள். மறுபக்கத்துக் கதவில் சாவித் துவாரமே இல்லை. தூரத்திலிருந்து அமுக்கித் திறக்கிற அந்தக் குட்டிப் பெட்டி எந்தக் காலத்திலோ செத்துவிட்டது. இருக்கிற ஒரே வழி இந்த ஒரு துவாரம், அதுவும் இன்று. ஏன் தனியாக நிற்கிறாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிக்கொண்டார். விடியற்காலையில் மருமகன் தவநேசன் கதவைத் தட்டினான். யாழ்ப்பாணத்துப் பையன், நல்லவன்தான், நல்லவனாக இருப்பதை அவ்வளவு பணிவாகச் செய்வதுதான் சன்னாசிக்குப் பொறுக்காது. "மாமா, எங்களோட வாங்கோ, உங்கட கார் உந்தக் குளிருக்கு அசையாது" என்றான். அவன் பின்னால் அவனுடைய பெரியம்மாக்கள், தேங்காய், தர்ப்பை, ஐயருக்கு எடுத்த வேட்டி. ஐயர் வேண்டாம் என்று பூவாயி எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள், மகளுக்குத் தெரியும், மகளுக்கு அவர் ஆசையாசையாகப் புரட்சிமணி என்று பேர் வைத்தார், அவள் வேலை செய்கிற இடத்தில் மணி, தவநேசன் வீட்டில் மணிப்பிள்ளை, புரட்சியை எங்கே இறக்கிவைத்தாளோ. அவள் அழுத கண்ணோடு, அப்பா, அவங்க ஆசைக்கு ஒரு மந்திரம் சொல்லிட்டுப் போகட்டும், அம்மா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா என்றாள். கோவிக்க அவள் இருந்தால்தானே. சன்னாசி சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "உங்க மந்திரமெல்லாம் முடியட்டும். பெட்டிய மூட முந்தி நான் வந்து பேர் கூப்பிடுவேன். என் காரிலேயே வாறேன்." அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லியிருக்கத் தேவையில்லை. சொல்லிவிட்டார். சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுத்துப் பழக்கமில்லை, சங்கத்தில் அவரை எல்லாரும் மதித்ததே அதற்குத்தான், இரண்டு தடவை உதைபட்டதும் அதற்குத்தான்.

சாவியை வாயருகே கொண்டுபோய் ஊதினார். பல்லில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். முதல் பனிக்காலத்தில் தெரியாமல் உதட்டில் கவ்வி, தோல் உரிந்து, பூவாயி சிரித்தாள். பாவி, என்ன சிரிப்பு. இந்தா மனுசா, இரும்புக்கும் உம்மேல ஆசை வந்துருச்சு என்றாள். துவாரத்தைச் சுற்றி, கதவின் நீல வண்ணத்தின்மேல், அழுக்கான ஒரு நீள்சதுரம் இருந்தது. பிசின் காய்ந்து தூசி பிடித்த தடம். அவளுடைய பிளாஸ்டர். காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் சுருளில் ஒரு துண்டு கத்தரித்து, பனி விழும் என்று தெரிகிற சாயங்காலமெல்லாம், சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்து இந்தத் துவாரத்தின்மேல் ஒட்டிவிட்டுப் போவாள். காலையில் அவர் உரித்து எறிவார், மாலையில் அவள் மறுபடி ஒட்டுவாள். காருக்கு என்ன கை வெட்டுப்பட்டிருக்கிறதா என்று அவர் கேலி செய்தால், எறும்பு பூந்துராம காதப் பொத்துறோம்ல, அது மாதிரி என்பாள். இதில் என்ன விஞ்ஞானம் இருக்கிறது? ஒன்றும் இல்லை. அவள் ஒட்டினாள், பூட்டு உறையவில்லை, அவ்வளவுதான். ஒட்டாமல் இருந்தாலும் உறையாமல் இருந்திருக்கும் என்று அவர் வாதாடினார். பத்துப் பதினைந்து பனிக்காலம் அந்த வாதம் முடியவில்லை. இனி முடியாது. ஆஸ்பத்திரியில் அவள் புரிகிற மாதிரி பேசிய கடைசிப் பேச்சில்கூட, தண்ணீர் வேண்டுமா என்று இவர் கேட்டதற்குப் பதிலாக, பிளாஸ்டர் ஒட்டுனியா என்றாள். ஒட்டிட்டேன் என்றார். ஒட்டவில்லை. சுருளை அவள் எங்கே வைத்தாள் என்றுகூட அவருக்குத் தெரியாது. அன்று வீட்டுக்கு வந்ததும் ஏதாவது செய்யவேண்டும் என்று தோன்றிச் சமையலறையில் நின்றார். தவநேசன் போன வருசமே ஒரு குழாய் வாங்கித் தந்திருந்தான், பென்சில் கரி போன்ற கறுப்புத் தூள், பூட்டுக்குள் ஊதிவிட்டால் தண்ணீர் தங்காது, எண்ணெய் மட்டும் விடாதேங்கோ மாமா என்று சொன்னான். அது மேசை இழுப்பறைக்குள், அவன் வாங்கித் தந்த எல்லாவற்றோடும், பிரிக்காமல் கிடந்தது. யாழ்ப்பாணத்தில் குளிர் என்றால் என்ன தெரியும்? மின்விசிறியை ஒரு எண் குறைப்பார்கள். குளிரில் பிறந்தவர் சன்னாசி. மார்கழியில் ஊசிக்கல்லில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும், தேங்காயெண்ணெய் போத்தலில் கல்லாகிவிடும், அடுப்போரம் வைத்து உருக்கித் தலைக்கு வைப்பார்கள். அதே அலமாரியில் பக்கத்திலேயே நிற்கிற நல்லெண்ணெய் மட்டும் அப்படியே இளகி நிற்கும், எந்த மார்கழியிலும் அது இறுகி அவர் பார்த்ததில்லை. பார்த்ததை வைத்துப் பேசு என்றுதான் அவர் படித்த முதல் நோட்டீஸே சொன்னது. ஆகவே நல்லெண்ணெய். கரண்டியில் எடுத்து, கீழே வந்து, சாவியைத் தோய்த்து, துவாரம் நிறைய விட்டார். காதென்றால் எண்ணெய்தானே விடுவார்கள் என்று ஒரு நினைப்பும் ஓடியது, அதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு மூன்று நாள் காரைத் தொடவில்லை. தவநேசன்தான் எல்லா இடத்துக்கும் அழைத்துப் போனான். ஊசிக்கல் குளிர் வேறு, இந்தக் குளிர் வேறு. சாவியின் பல்லில் பழுப்பாக, பிசுபிசுப்பாக ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினார். எள்ளு வாசம் வந்தது. குளிரில் எதற்கும் வாசம் கிடையாது என்று நினைத்திருந்தார். இது வந்தது, நேராக அவளுடைய தலைமயிருக்குப் போயிற்று, வெள்ளிக்கிழமை ஈரத் தலைக்கு, அங்கிருந்து லயத்து வாசலுக்கு, அவள் தலையைச் சாய்த்துப் பிழிகிற தண்ணீருக்கு. எள்ளும் தண்ணீரும். அங்கே இப்போது ஐயர் அதைத்தான் இறைத்துக்கொண்டிருப்பார். போ, போ. நேரம்.

மாரியாயி செத்த நாள் மழை. கிழவி பாதி நிரை பறித்துவிட்டு, கூடையோடு குப்புற விழுந்தாள், எழும்பவில்லை. உச்சிவரைதானே நின்றாள் என்று கணக்கப்பிள்ளை அவளுக்கு அரைப் பேர் போட்டான். போட்டதை அவன் அநியாயமாகக்கூட நினைக்கவில்லை, அதுதான் சட்டம். சன்னாசி அப்போது சங்கத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த இளவட்டம். அவருக்கு அது அரைக்கூலிப் பிரச்சினையாகத்தான் பட்டது, மனு எழுதலாம் என்றார். பூவாயி மனுவுக்கெல்லாம் நிற்கவில்லை. மறுநாள் பெரட்டுக் களத்தில், துரை குதிரை மாதிரிக் கனைத்துக்கொண்டு நிற்க, பேர் கூப்பிட்டு முடிந்து எல்லாரும் மலைக்கு நகரும்போது அவள் நகரவில்லை. மாரியாயி பேரக் கூப்பிடுங்க என்றாள். செத்தவளை எப்படிக் கூப்பிடுவது என்று கணக்கப்பிள்ளை சிரித்தான். நீங்க கூப்பிடுங்க, இருக்குன்னு நாங்க சொல்லுறோம், நேத்து பாதி நாளுக்கு மேல அவ செத்துக் கெடந்ததும் இந்த மலையிலதான், அதுவும் வேலைதான் என்றாள். அவளுடைய குரல் கணீரென்று எதிர் மலையில் போய் முட்டித் திரும்பியது. அன்றைக்கு யாரும் கூடை தூக்கவில்லை. பிறகு அடி, அரிசி நிறுத்தம், சன்னாசியைப் பிடித்துப்போய் அடைத்தார்கள், மழைக்காலம் முழுக்க அவர் உள்ளே இருந்தார். வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. துரை இறங்கி வந்திருந்தான்: தோட்டத்தில் யார் செத்தாலும் மறுநாள் காலை அவர்கள் பேரைக் கூப்பிடவேண்டும், களமே சேர்ந்து 'இருக்கு' என்று சொல்லும், அவர்களுக்கு ஒரு முழுப் பேர். அச்சாகி வந்த நோட்டீஸை ரயில் நிலையத்தில் ஒருவன் நீட்டினான். 'தோழர் சன்னாசியின் தலைமையிலும், பெண்கள் பலரின் பங்களிப்பிலும்.' பெண்கள் பலர். உள்ளே கிடந்தவன் என்ன தலைமை தாங்கினான், களி தின்றதைத் தவிர? தலைமைக்கு எழுதினார், ஆள் அனுப்பினார், நேரில் போய்ச் சத்தம் போட்டார். அடுத்த இதழில் போடுகிறோம் தோழர் என்றார்கள். அடுத்த இதழும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது, தலைவர்கள் மந்திரிகளானார்கள். அதையும் தாளில் எழுதியிருக்கிறார், இரண்டாம் பக்கத்தில், ஒரு பெயரையும் மறைக்காமல். இன்றைக்கு அங்கே வந்திருக்கிறவர்களில் பாதிப்பேர் அந்தத் தலைவர்களின் பேரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இருக்கட்டும், கேட்கட்டும். எங்கே போனாலும் அந்த வழக்கத்தை அவர் விடவில்லை. இந்த ஊரிலும் இரண்டு மலைநாட்டுக்காரர்களின் பெட்டிக்கருகில் நின்று கூப்பிட்டிருக்கிறார், அப்போதெல்லாம் 'இருக்கு' என்று முதலில் சொல்வது பூவாயிதான், அவள் சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு வாய் வரும். வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு தடவை கேட்டாள், எனக்கு நீ கூப்பிடுவ, சரி, அங்கன யாரு பதில் சொல்லுவா? தவநேசனுடைய பெரியம்மாக்களா? அவர் வழுக்குப் பனியில் காரை நேராக ஓட்டிக்கொண்டு போனார். போய்ச் சேர்ந்தால், கூப்பிட்டால், அந்த வெள்ளைச் சுவருக்குள் ஒரு குரலும் வராவிட்டால்? பேர் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் கணக்கப்பிள்ளை அந்தப் பேரை வெட்டிவிடுவான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"தலைவர், என்ன, காரும் ஸ்ட்ரைக்கா?"

குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னாலிருந்து பியதாச வந்தார். மூன்றாவது மாடிக்காரர். மகளுக்குத் தெரியாமல் சிகரெட் குடிக்கிற இடம் அது. அந்தக் காலத்தில் ஊசிக்கல் தொழிற்சாலையிலிருந்து தேயிலைப் பெட்டி ஏற்றிப்போன சிங்கள லொறிக்காரர். இத்தனை கடல் தாண்டி ஒரே கட்டிடத்தில் வந்து விழுவோம் என்று இருவருமே நினைத்திருக்கவில்லை. லயத்துக்குத் தீ வைத்தவர்களில் பியதாச இல்லை, அது சன்னாசிக்கு நன்றாகத் தெரியும்; தெரிந்தும் முதல் மூன்று பனிக்காலம் அவரோடு பேசவில்லை. பூவாயி பேசினாள். மின்தூக்கியில் பார்த்த அன்றே, நீங்க அந்தச் செவப்பு லொறி மாத்தயாதானே என்று கேட்டு, அவருக்கு ரொட்டி கொடுத்தனுப்பினாள். இன்று பியதாச கறுப்பு டை கட்டியிருந்ததைச் சன்னாசி கவனித்தார், மேல்கோட்டின் கழுத்துக்குள் கோணலாகத் தெரிந்தது. போகவேண்டும் என்று கட்டிக்கொண்டு, யார் கூட்டிப்போவார்கள் என்று தெரியாமல், கூப்பிடாத இடத்துக்குப் போகலாமா என்றும் தெரியாமல், கீழே இறங்கிவந்து புகைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். பூட்டு என்றார் சன்னாசி. பியதாச குனிந்து பார்த்தார், விரலால் தொட்டு முகர்ந்தார், அவர் முகம் மாறியது.

"தல தெல்லா? தலைவர், இதுக்கு நல்லெண்ணெ போட்டா? பூட்டுக்குத் தலை முழுக்காட்டா?"

சிரிப்பை அடக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. பிறகு அடங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டார், அது சிரிப்பினாலா குளிரினாலா என்று சொல்ல முடியாது. வேறு நாளாக இருந்தால் சன்னாசி அங்கேயே அவரோடு உறவை முறித்திருப்பார். சுடுதண்ணி கொண்டுவரட்டா என்று பியதாச கேட்டதற்கு, ஊற்றினால் நொடியில் உறைந்து ஐஸ் குத்திக்கொள்ளும், அப்புறம் பங்குனிக்குத்தான் திறக்கும் என்றார். போன்? பியதாசவின் போன் மேலே இருக்கிறது, கையில் எடுத்தால் அவர் எங்கே நிற்கிறார் என்று மகளுக்குத் தெரிந்துவிடும். சன்னாசியிடம் போன் கிடையாது. இருந்தது பூவாயியினுடையது, அதை மகள் எடுத்துப் போயிருந்தாள், அதில்தான் அம்மாவின் நல்ல படம் ஒன்று இருக்கிறது என்று. தெருவுக்குப் போய் வாடகைக் கார் மறிக்கலாம்; இந்தத் தெருவில், இந்தப் பனியில், நின்றால் நிற்கலாம், வந்தால் வரலாம். பியதாச தன் லைட்டரைப் பற்றவைத்துச் சாவியைக் காட்டினார். காற்று அணைத்தது. பற்றவைத்தார். அணைத்தது. இரண்டு கிழவர்களும் கோட்டை விரித்து ஒரு கூடாரம்போலச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள், சிகரெட் நாற்றமும் பூச்சி உருண்டை வாசமும் கலந்தன. சாவி சூடேறியது, செருகினார், இன்னும் ஒரு நூல் உள்ளே போயிற்று, நின்றது. எடுத்து, மறுபடி சூடாக்கி, மறுபடி ஒரு நூல். சூடு சாவியின் நுனியிலேயே செத்துப்போகிறது, உள்ளுக்கு இறங்கவில்லை. உள்ளுக்கு ஊதணும் என்றார் பியதாச, அடுப்புக்கு ஊதுற மாதிரி. ஊதுகுழல் இருந்தால். ஊதுகுழலுக்கு எங்கே போவது, அது லயத்தோடு எரிந்துபோயிற்று, மூங்கில், ஒரு முனை கருகி, அவளுடைய எச்சில் காய்ந்து. குழல் மாதிரி ஏதாவது. இரண்டு பேரும் பைகளைத் தடவினார்கள். பியதாசவிடம் சிகரெட் பெட்டியும் ஒரு கைக்குட்டையும். சன்னாசியின் உள்பையில் மூன்று தாள்.

அவர் அதை எடுக்கவில்லை. கையை மட்டும் உள்ளே விட்டு, மடிப்பின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றார். இரண்டு ராத்திரி எழுதினார். ஒவ்வொன்றுக்கும் யார் செய்தது, யார் பார்த்துக்கொண்டு நின்றது, யார் பிறகு மாலை போட்டுக்கொண்டது, எல்லாம் வரிசையாக. வாழ்நாளில் அவர் எழுதிய எந்த நோட்டீஸும் இவ்வளவு சுத்தமாக வரவில்லை, ஒரு வார்த்தை அதிகமில்லை. அதை நின்று வாசித்தால் அந்தப் பெரியம்மாக்களும், ஐயரும், கணக்குப் பார்க்கிற தவநேசனின் அண்ணனும், தோட்டக்காட்டுப் பெண் என்று பூவாயியை எட்ட வைத்துச் சோறு போட்டவர்களும், ஒரு கால் மணி நேரமாவது வாயை மூடிக்கொண்டு கேட்கவேண்டியிருக்கும். அதற்காகத்தான் எழுதினாரா? அவளுக்காக. அவளுக்காகத்தான். ஏழு அநியாயத்தில் அவள் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது? நான்காவதில் வருகிறது. ஆறாவதில், ஏழாவதில். முதல் தாளில் இல்லை. முதல் தாளில் அவர் பிறந்ததும் படித்ததும்தான். இருந்தாலும் வரிசை என்று ஒன்று இருக்கிறது, எடுத்த எடுப்பில் அவளிடம் வரமுடியாது. வரமுடியாதா? பியதாச லைட்டரின் சக்கரத்தைக் கட்டைவிரலால் உருட்டிக்கொண்டிருந்தார். அங்கே பெட்டிக்குள் அவளுக்குச் சாம்பல் நிறச் சேலை உடுத்தியிருப்பார்கள். அவளுக்குப் பிடிக்காத நிறம். மூடியைத் தூக்கி வைக்கிற ஆட்கள் கையுறை போட்டுக்கொண்டு சுவரோரம் நிற்பார்கள், சடிகாரத்தை, இல்லை, கடிகாரத்தை, நாக்குக்கூட உறைகிறது, கடிகாரத்தைப் பார்ப்பார்கள். சன்னாசி மூன்று தாளையும் எடுத்தார். விரித்துப் பார்க்கவில்லை. முதல் தாள் உள்ளே, கடைசித் தாள் வெளியே வரும்படி இறுக்கிச் சுருட்டினார், விரல் மொத்தத்துக்கு. ஒரு முனையைத் துவாரத்தில் பொருத்தி, நடுவைக் கைக்குள் இறுகப் பற்றி, பனியில் முழங்காலிட்டு, மறுமுனையில் வாயை வைத்து ஊதினார்.

அடிவயிற்றிலிருந்து எடுத்து ஊதவேண்டும், குளிர்ந்த காற்று வரக்கூடாது, தொண்டையைத் திறந்து 'ஹா' என்று, வெதுவெதுப்பாக. அவளுக்கு அது வரும், ஈர விறகிலும் இரண்டு ஊதலில் நெருப்பு எழும். அவருக்கு மூச்சு நாலு ஊதலில் தீர்ந்தது. நெஞ்சு வலித்தது. பேசிப்பேசியே தேய்ந்த நெஞ்சு. சுருட்டின வாய் எச்சிலில் நனைந்து தளர்ந்தது, பனித்துகள் விழுந்து உருகியது, நாக்கில் மை கசந்தது. பதினெட்டு வயதில் பேனா நிப்பை நக்கி எழுதுவார், அதே கசப்பு. எந்த அநியாயம் இப்போது வாய்க்குள் போகிறது? முதலாவதாகத்தான் இருக்கும், உள் தாள் அதுதான், அம்மாவின் அரைப் பேர். ஊதினார். சட்டம். ஊதினார். பள்ளிக்கூடம். பியதாச சூடு செய்த சாவியை நீட்ட, செருகி, எடுத்து, ஊதி, மறுபடி. ஆஸ்பத்திரியில் அவளுக்கு மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள், அதில் காற்று போகிற சத்தம் இப்படித்தான் இருந்தது, ஒரு ராத்திரி முழுக்க அந்தச் சத்தத்துக்கு ஏற்ப அவரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார், தான் நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும் என்று ஒரு பைத்தியக்காரப் பயம், பகுத்தறிவுக்காரனுக்கு வரக்கூடாத பயம். விடியற்காலையில் கண் அசந்தார். அதில் ஒன்றுமில்லை. மனிதன் என்றால் அசருவான். ஊதினார். உள்ளே ஏதோ இளகியது. எள்ளு வாசம் வெதுவெதுப்பாகத் திரும்பி முகத்தில் அடித்தது, சாவி ஒரே வழுக்கில் அடிவரைக்கும் போயிற்று. திருப்பினார். கதவுக்குள் அந்தச் சின்னச் சத்தம் கேட்டது. பியதாச, "ஜயவேவா" என்று சிங்களத்தில் மெதுவாக வெற்றி கூறிவிட்டு, சொன்னதற்கு வெட்கப்பட்டவர்போலக் கழுத்து டையைச் சரிசெய்தார். ஏறுங்க என்றார் சன்னாசி. நானுமா? அவங்க என்ன நினைப்பாங்க? சன்னாசி சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, நேராகப் பார்த்து, "அங்க பதில் சொல்ல ஆள் இல்ல, மாத்தயா" என்றார். பியதாச ஏறிக் கதவைச் சாத்தினார். கால் வைக்கிற இடத்தில் எதுவோ உருண்டு அவர் சப்பாத்தில் இடித்தது. எடுத்துப் பார்த்தார்: பிளாஸ்டர் சுருள், பாதி தீர்ந்தது, நுனி பிரிக்க வசதியாக மடித்து வைத்தபடி. அதை முழு வழியும் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தார். சிவப்பு விளக்கில் நின்றபோது, நீங்க எல்லாரும் 'இருக்கு' சொல்றத விடியக்காலைல லொறியை ஏத்தத்தில நிப்பாட்டிக் கேட்டிருக்கேன், மலையே பேசுற மாதிரி இருக்கும் என்றார்.

வாசல் பலகையில் அதே எழுத்து. உள்ளே சூடு முகத்தில் அறைந்தது, சாம்பிராணி, சந்தனம், ஈரச் சப்பாத்துகள். ஐயர் முடித்துவிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தார். மூடி பெட்டியின் கால்மாட்டில் சாய்த்து வைத்திருந்தது, கையுறை போட்ட இருவரில் ஒருவன் அதன்மேல் கையை வைத்துவிட்டான். தவநேசன் அவன் தோளைத் தொட்டு, வெள்ளைக்காரப் பாஷையில் எதையோ கெஞ்சிக்கொண்டிருந்தவன், வாசலில் இவரைக் கண்டதும் பேச்சை நிறுத்தினான். மாமா வந்திட்டார் என்று அவன் யாருக்கோ சொன்ன குரலில் கோபம் இல்லை. எவ்வளவு நேரமாக அவன் இப்படிக் கெஞ்சிக்கொண்டிருந்தானோ. புரட்சிமணி எழுந்தாள். கூட்டம் வழிவிட்டது. சன்னாசியின் முழங்காலில் பனி அப்பியிருந்தது, உதட்டில் நீலம். தலைமாட்டில் போய் நின்றார். அவளைப் பார்த்தார். சாம்பல் நிறச் சேலைதான். கையிலிருந்த சுருளை விரித்தார். ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, கிழிந்துகொண்டு விரிந்தது. முதல் தாள் நீலக் குட்டை. இரண்டாவதில் மந்திரிகளும் தலைவர்களும் கரைந்து, அங்கங்கே ஒரு கொம்பும் ஒரு சுழியும் நின்றன. வரிசை அவருக்கு மனப்பாடம். தாள் இல்லாவிட்டாலும் சொல்லலாம், முதல் அநியாயம் என்று தொடங்கினால் தானாக வந்துவிடும். வாயைத் திறந்தார். மூச்சு இல்லை. இருந்த மூச்சையெல்லாம் பூட்டுக்குக் கொடுத்திருந்தார், மிச்சம் ஒரே ஒரு கூப்பிடலுக்குப் போதும். மூன்றாம் தாளின் அடியில், அவருடைய உள்ளங்கை இறுகப் பிடித்திருந்த இடத்தில் மட்டும், ஈரம் ஏறாமல் ஒரு வரி அப்படியே இருந்தது. வாசலோரம் பியதாச தொப்பியைக் கழற்றிக்கொண்டு, நேராக, பெரட்டில் நிற்பவர்போல நின்றார். மகள் கண்ணைத் துடைத்துவிட்டு, சின்ன வயதில் களத்துக்குத் தாயோடு வந்து நிற்கும்போது செய்வதுபோல, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள். சன்னாசி தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்து, எதிர் மலைக்குக் கேட்கிற குரலில் வாசித்தார்:

"ஊசிக்கல் தோட்டம், மேல் பிரிவு, ஏழாம் லயம், ராக்கு மகள் பூவாயி."